மாமனார் பிடித்த மெமரி

கஞ்சத்தனத்தைச் சிக்கனம் என்று சொல்லிக்கொள்கிற ஆள் நான். அந்தக் குணத்தால் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது என்பதை ஒப்புக்கொள்ள இப்போது வெட்கமில்லை. (அன்றைக்கு வெட்கத்தில் செத்தேன்.)

தொண்ணூறுகளின் நடுவில் அருப்புக்கோட்டையில் கம்ப்யூட்டர் ஜாதகக் கடை வைத்திருந்தேன். என் பழைய 386 மெஷின் ஒரு ஜாதகம் கணித்து முடிப்பதற்குள் வந்தவர் பாளையம்பட்டி வரை போய் டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடலாம். அதனால் புது 486 பிராசஸரும் போர்டும் வாங்கினேன். மெமரி மட்டும் வாங்கவில்லை. பழைய மெஷினில் நாலு மெமரிப் பட்டைகள் நன்றாகத்தானே இருந்தன?

அவை புது போர்டில் உட்காராது. நாலையும் செருகி, போர்டில் மாட்டுகிற ஒரு நடு அட்டை மதுரையில் கிடைத்தது. மாட்டினேன், ஓடியது. ஆனால் அட்டை உயரமாக நின்றதால் பெட்டிக்கு மூடி போட முடியவில்லை. பாரம் தாங்காமல் சாயவும் செய்தது. மேஜைக்கு அடியில் இருந்த பெட்டிக்குள் கையை விட்டு, இடது பெருவிரலால் அழுத்திப் பிடித்தால் ஓடும். விட்டால் நின்றுவிடும்.

அந்த வாரம்தான் எனக்குப் பெண் கொடுக்க நினைத்த பந்தல்குடி மிளகாய் வியாபாரி ஜாதகத்தோடு வந்தார். "எம் மகனே பொருத்தம் பாத்துச் சொல்லிருவான்" என்று அப்பா பெருமையடித்திருந்தார். (திருடன் கையில் சாவி.) பெண்ணின் போட்டோவைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எப்படியாவது பொருந்திவிட வேண்டும் என்பதே என் கவலை.

விரலை வைத்து மெஷினை ஓட்டினேன். திரையில் எட்டுப் பொருத்தம். பிரிண்டர் கரகரவென்று அடிக்கத் தொடங்கியது. அவருக்கு முகமெல்லாம் பல். பையில் தயாராக வைத்திருந்த வெற்றிலை பாக்குத் தட்டை எடுத்து, "பிடிங்க மாப்ள" என்று நீட்டினார்.

எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்க வேண்டும். நான் உட்கார்ந்தபடியே வலது கையை மட்டும் நீட்டினேன்.

தட்டு பின்னால் போனது. "எந்திரிக்க மனசு வரலையோ தம்பி? படிச்ச திமிரா?"

மாப்பிள்ளையாக இருந்த நான் தம்பியாகிவிட்டேன். பதறி எழுந்தேன். மெஷின் நின்றது. பிரிண்டர் ஐந்தாவது பொருத்தத்தோடு வாயை மூடிக்கொண்டது.

"என்ன, நின்னுருச்சு?"

"நாந்தான் விரலை எடுத்துட்டேன் மாமா."

"அதுக்குள்ள மாமாவா?" என்றவர் குனிந்து பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். புது மெமரி வாங்காத கதையையும் மறைக்கவில்லை.

"பழசை எறிய மனசில்லாம இம்புட்டுப் பாடா?" அவர் முகத்தில் மறுபடி பல் தெரிந்தது. "கரண்டு அடிக்குமா?"

"அடிக்காது மாமா."

வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். தன் பெருவிரலை வைத்து அழுத்தினார். "ம், ஓட்டுங்க மாப்ள."

எட்டுப் பொருத்தமும் அச்சாகும் வரை மனிதர் அசையவில்லை. கடைசித் தாள் வந்ததும் மேஜைக்கு அடியிலிருந்து, "இப்ப நான் எந்திரிக்கலாமா?" என்று கேட்டார்.

அன்றே தட்டு கைமாறியது. மறுநாளே மதுரைக்குப் பஸ் ஏறிப் புது மெமரி வாங்கிவிட்டேன். என்ன பிரயோசனம்? இன்றும் எந்த விசேஷ வீட்டிலும் மாமனார் நாலு பேரைக் கூட்டி, "பொண்ணைக் குடுக்குறதுக்கு முந்தியே இவுகளுக்குப் பெருவிரலக் குடுத்தவன் நான்" என்று ஆரம்பித்துவிடுவார். என் மனைவிதான் முதலில் சிரிப்பாள். கதை முடியும்வரை நான் உட்காருவதில்லை.