பஞ்சமத்தில் ஒரு கோஸ்தான்

வாத்தியம் வாசிக்க வராதவர்கள் வாத்தியங்களை அடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். யாரையோ மனதில் வைத்துச் சொல்லவில்லை. ஏழு வருடம் நானேதான் அந்த வேலையைப் பார்த்தேன். அதற்கு 'இசையமைப்பு' என்று கூச்சமில்லாமல் பெயரும் வைத்திருந்தேன்.

என் லேப்டாப்பில் ஒரு சேம்ப்ளர் மென்பொருள் இருந்தது. யாரோ ஒரு நல்ல கலைஞர் வாசிக்க, ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனிக் கோப்பாகப் பதிவு செய்து விற்பார்கள். அதை வாங்கி இதில் போட்டு, கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினால் அந்தச் சுரம் ஒலிக்கும். மூச்சு பிடிக்க வேண்டாம், நாதஸ்வரத்தின் சீவாளியை நனைக்க வேண்டாம், வாத்தியாரிடம் குட்டு வாங்க வேண்டாம். என்னைப் போன்ற சோம்பேறிகளை நினைத்தே யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அப்படி என்னிடம் ஆயிரத்துக்கு மேல் வாத்தியங்கள். வீணை மட்டும் பதினாறு விதம். ஐஸ்லாந்துப் பக்கம் ஆடு மேய்ப்பவர்கள் ஊதும் கொம்பு கூட இருந்தது. (பினாங்கில் அதை எதற்கு ஊதுவது என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.) இவ்வளவையும் வைத்து நான் முடித்த பாடல்கள் எத்தனை? ஒன்றுமில்லை. ஒன்றை முக்கால்வாசி முடித்தேன். கணினி ஒருநாள் தானாக அணைந்ததில் அது போய்விட்டது. போனதே நாட்டுக்கு நல்லது.

பாடல் எழுத ஏது நேரம்? அடுக்குவதற்கே பொழுது சரியாக இருந்தது. அப்போது பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் ஆவணப் பிரிவில் வேலை பார்த்தேன். கோப்புகளுக்குப் பெயர் வைப்பது, எண் கொடுப்பது, இடம் மாறியிருந்தால் அடுத்தவர் மேல் எரிந்து விழுவது, இதுதான் உத்தியோகம். அந்த நோயை வீட்டுக்கும் கொண்டு வந்தேன். வாத்தியங்களை முதலில் நாடு வாரியாக அடுக்கினேன். அடுத்த மாதம் ஊதுவது, தட்டுவது, மீட்டுவது என்று அடுக்கினேன். பிறகு நிறம் கொடுத்தேன். நாதஸ்வரத்துக்கு மஞ்சளா, குங்குமச் சிவப்பா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க யோசித்திருக்கிறேன்.

கடைசியாகத்தான் அந்த ஞானம் பிறந்தது. சுரக்கோப்புகளின் பெயர்களெல்லாம் கார் நம்பர் பிளேட் மாதிரி எழுத்தும் எண்ணுமாக இருந்தன. சரிகமபதநி என்று நமக்கே ஏழு பெயர் இருக்கும்போது இந்த அடிமைத்தனம் எதற்கு? உட்கார்ந்து மாற்றினேன். நாதஸ்வரத்தின் கோப்புகள் 'ச', 'ரி', 'க' என்று வரிசையாகத் தமிழில் வந்து நின்றபோது கண்ணில் நீர் வந்தது. அடுத்து சீன நாயனத்தை எடுத்தேன். அதில் 'ச' பதிவாகவே இல்லை. 'ரி', 'க' இரண்டையும் மாற்றுவதற்குள் சலித்துவிட்டது. அதை அப்படியே போட்டுவிட்டேன். வெவ்வேறு பெட்டிக்குள் ஒரே பெயரில் கோப்புகள் இருக்கக் கூடாது என்று அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு வகுப்பு எடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? அடியேன்தான்.

என் அண்ணன் கணேசன் அதே பிறையில் ஒரு கண்டெய்னர் யார்டில் பாதுகாப்பு மேற்பார்வையாளர். நாள் முழுக்க லோரிகளுக்கும் மனிதர்களுக்கும் நடுவில் நிற்கிற வேலை. ஒருநாள் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது, ஒரு லோரி பின்னால் வந்துகொண்டிருந்தது. 'பீப், பீப், பீப்.' உடனே கைப்பேசியை நீட்டிப் பதிவு செய்தேன். வீட்டுக்கு வந்து சுருதி பார்த்தால், என் நாதஸ்வரத்தின் சுருதிக்கு அச்சு அசலான பஞ்சமம்! 'ப' என்று பெயர் வைத்து, 'அண்ணன் யார்டு' என்று தனிப்பெட்டி திறந்து, அதில் அந்த ஒற்றைக் கோப்பைக் குடிவைத்தேன்.

சாப்பிடும்போது பெருமையாகச் சொன்னேன். "அண்ணே, ஒங்க லோரி கோஸ்தான் போடுற சத்தம் சுத்தமான பஞ்சமம், தெரியுமா?"

(பின்னால் வண்டி எடுப்பதற்கு எங்கள் ஊரில் கோஸ்தான் என்றுதான் சொல்வோம். ரிவர்ஸ் என்று சொன்னால் வெளியூர் ஆள் என்று அர்த்தம்.)

அண்ணன் தட்டிலிருந்து தலை நிமிரவில்லை. "பஞ்சமமாவது ஒண்ணாவது. அந்தச் சத்தம் கேட்டா ரெண்டு அடி பின்னால போயி கையத் தூக்கணும். எங்க ஆளுங்களுக்கு நான் அததான் சொல்லிக் குடுக்கிறேன். யோசிச்சிட்டு நின்னா சட்னிதான் லா."

இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

அண்ணனுக்கு நிபோங் திபாலில் பெண் அமைந்தது. பெயர் மேனகா, ஆஸ்பத்திரியில் தாதி வேலை, எதற்கும் பதறாத முகம். கல்யாணப் பேச்சுக்கு வந்தபோது மேனகாவின் பெரியப்பாவும் வந்திருந்தார். நாற்பது வருடமாகக் கோயில்களில் நாதஸ்வரம் வாசிக்கிறவர். தாலி கட்டும்போது கெட்டிமேளம் அவருடையது என்று பெண் வீட்டார் சாதாரணமாகச் சொன்னார்கள். கேட்கவும் எவ்வளவு நன்றாக இருந்தது! அங்கேதான் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"எதுக்குப் பெரியப்பாவுக்குச் சிரமம்? என்கிட்ட ஸ்டூடியோல எடுத்த நாதஸ்வரம் இருக்கு. தவிலும் இருக்கு. நானே லைவ்வா வாசிச்சிடுவேன். மூச்சே வாங்காது" என்றேன்.

பெரியப்பா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "மூச்சு வாங்காத நாயனமா? சரிம்மா. அப்ப நான் சாப்பிட மட்டும் வர்றேன்."

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் வடை சுட்டிருக்கலாம். பெண் வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்போது அண்ணன்தான் பேசினார். "என் தங்கச்சி ஆசப்படுறா. அவளே வாசிக்கட்டும். நல்லாதான் செய்வா." நான் ஒரு பாட்டு முழுதாக வாசித்து அவர் கேட்டதே இல்லை. தங்கை சொன்னால் நம்ப வேண்டும் என்று நம்பினார், அவ்வளவுதான். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேல் எரிச்சல் வருகிறது.

அவர் வார்த்தையைக் காப்பாற்ற எனக்கு முழுசாக இரண்டு மாதம் இருந்தது. கெட்டிமேளத்தை எத்தனை முறை வாசித்துப் பார்த்தேன்? இரண்டு முறை. மிச்ச நேரமெல்லாம் கல்யாணத்துக்கென்று ஒரு புது வன்வட்டு வாங்கி, அதில் வாத்தியங்களை அகர வரிசையில் அடுக்குவதில் போனது. கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் எல்லாவற்றையும் அந்தப் புது வட்டுக்கு மாற்றி முடித்தேன். 'அண்ணன் யார்டு' முதலிலும், 'சீன நாயனம்' நடுவிலும், 'நாதஸ்வரம்' அதற்குப் பின்னும் அழகாக வந்து உட்கார்ந்தன. அந்த வரிசையைப் படம் எடுத்துக்கூட வைத்தேன். கீபோர்டைத் தொடவில்லை.

கல்யாணம் டத்தோ கிராமாட்டில் ஒரு கோயில் மண்டபத்தில். காலையில் மேடை ஓரமாக மேசை போட்டு, மண்டபத்து ஒலிபெருக்கியில் வயரைச் செருகி, நாதஸ்வரத்தைத் திறந்தேன். திரையில் ஒரு செய்தி வந்தது: கோப்புகளைக் காணவில்லை. எப்படி இருக்கும்? வீட்டைக் காலி செய்து வேறு தெருவுக்குக் கொண்டுபோய்விட்டு, பழைய முகவரியில் தேடச் சொன்னால்? 'நீ இடத்தைக் காட்டுகிறாயா, நானே தேடிக்கொள்ளட்டுமா?' என்று மென்பொருள் கேட்டது. அதே நேரம் என் அத்தை பின்னால் நின்று என் தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தார். "ஆடாம நில்லு லா!" என்று அதட்டல் வேறு. 'நீயே தேடு' என்பதை அழுத்தினேன். இரண்டு நொடியில் 'எல்லாம் கிடைத்தது' என்றது.

என்ன கிடைத்தது? மென்பொருளுக்குத் தெரிந்தது பெயர் மட்டும்தான். 'ரி' என்று தேடியது. அகர வரிசையில் எந்தப் பெட்டியில் முதலில் 'ரி' இருந்ததோ, அதை எடுத்து நாதஸ்வரத்துக்குள் வைத்தது. 'க'வுக்கும் அப்படியே. 'ப'வுக்கும் அப்படியே. 'ச' மட்டும் நாதஸ்வரப் பெட்டியைத் தவிர வேறெங்கும் இல்லை. எனவே அது தப்பித்தது.

நான் சோதித்துப் பார்த்தது எந்தக் கட்டையை என்று சொல்லவும் வேண்டுமா? 'ச'. ஒரே ஒரு 'ச'. கணீரென்று மண்டபம் முழுக்க ஒலித்தது. முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்த பெரியப்பாவைப் பார்த்து ஒரு புன்னகை கூட செய்தேன்.

மேனகா மணையில் உட்கார்ந்திருக்க, அண்ணன் தாலியோடு குனிந்தார். குருக்கள் கையை உயர்த்தினார். "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

தவிலை ஓடவிட்டேன். அது முன்பே கோத்து வைத்த தாளம், பிசகில்லாமல் முழங்கியது. இடதுகையை இடுப்பில் வைத்துக்கொண்டு (ஆமாம், இடுப்பில்) வலதுகையால் 'ச' அழுத்தினேன். அருமை. 'ரி', 'க' அழுத்தினேன். சீன நாயனம் வீறிட்டது. அழைப்பை மதித்து வந்திருந்த எங்கள் பக்கத்து வீட்டு சீன ஆன்ட்டி திடுக்கிட்டு எழுந்து, யாருக்கு என்ன ஆச்சு என்று மலாயில் கேட்டார். அந்த நாயனத்தை அவர் கடைசியாகக் கேட்டது ஒரு சவ ஊர்வலத்தில். கை நிற்கவில்லை. அடுத்து 'ப'.

பீப். பீப். பீப்.

ஆறு ஒலிபெருக்கியில், ஒரு பத்துச்சக்கர லோரி மணமேடைக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது.

அண்ணன் யோசிக்கவில்லை. யோசிக்கக் கூடாது என்று மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவர் அல்லவா? தாலியோடு இரண்டு அடி பின்னால் பாய்ந்தார். இடது கை மேலே உயர்ந்தது. (பின்னால் ஓமகுண்டம் இல்லாதது எங்கள் குலதெய்வம் செய்த உதவி.) மேடைக்குக் கீழே நின்ற அவருடைய யார்டு நண்பர்கள் ஆறு பேரும் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் ஒதுங்கி நடுவில் லோரிக்கு வழிவிட்டார்கள். அதில் ஒருவர், பழக்க தோஷம், கையை ஆட்டி, "கோஸ்தான்! கோஸ்தான்! வா, வா... ஓகே, ஸ்டாப்!" என்று கத்தினார்.

ஆனால் அது ஸ்டாப் ஆகவில்லை. ஏனென்றால் நான் கட்டையிலிருந்து விரலை எடுக்கவில்லை. பயத்தில் விரல் விறைத்துவிட்டது. அழுத்திப் பிடித்திருக்கும்வரை அது ஒலித்துக்கொண்டே இருக்கும்படி நான்தான் பொறுப்பாக அமைத்து வைத்திருந்தேன்.

குருக்கள் வாயைத் திறந்தபடி நின்றார். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. மேனகாதான் மாலையோடு திரும்பி, வார்டில் நோயாளியிடம் பேசுகிற அதே குரலில் சொன்னார். "ஏங்க, எங்க போறீங்க? லோரி ஒண்ணும் வரல. வந்து கட்டுங்க."

"பெரியப்பா, நாயனம்?" என்று பெண் வீட்டில் யாரோ கேட்டது காதில் விழுந்தது.

"சாப்பிடத்தானே கூப்பிட்டாங்க?" என்றார் அவர். பிறகு எழுந்தார். என்னைத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். மண்டபத்தைப் பார்த்துத் திரும்பி, "பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே, நேரம் போகுதில்ல? எல்லாரும் கையத் தட்டுங்கப்பா!" என்று சொல்லி, கண்ணை மூடி, வாயாலேயே கெட்டிமேளத்தைப் பாட ஆரம்பித்தார். நான் ஒருவழியாக வயரைப் பிடுங்கினேன். மண்டபம் முழுக்கக் கை தட்டியது. சீன ஆன்ட்டியும் தட்டினார். அந்தத் தட்டலில் அண்ணன் தாலி கட்டினார். என் ஆயிரம் வாத்தியத்தில் ஒன்றுகூட அதில் இல்லை.

பந்தி நடந்தபோது நான் சாமான் அறையில் தேங்காய் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் மாலையும் கழுத்துமாகத் தேடிக்கொண்டு வந்தார்.

"சாப்பிட வரலையா?"

"அண்ணே, ஒங்க கல்யாணத்த நாசம் பண்ணிட்டேன்."

அவர் பக்கத்து மூட்டையில் உட்கார்ந்தார். "அது நம்ம யார்டுல எடுத்ததுதானே?"

"ம்."

"சுருதி சுத்தமாதான் லா இருந்துச்சு" என்றார்.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஆறு வருடம் ஆகிவிட்டது. அண்ணன் வீட்டு வாசலில் காரைப் பின்னால் எடுக்கும்போது அதுவும் 'பீப் பீப்' என்னும். உடனே அண்ணி சமையலறையிலிருந்து "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று குரல் கொடுப்பார். அவர்கள் மகளுக்கு நான்கு வயது. கார் பின்னால் வந்தால் அப்படிச் சொல்ல வேண்டும் என்பது சாலை விதி என்றே அந்தக் குழந்தை நினைத்துக்கொண்டிருக்கிறது.

போன மாதம் என்னைப் பெண் பார்க்க ஒருவர் அப்பா அம்மாவோடு வந்தார். நான் சேலையும் படபடப்புமாக வாசல் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவர் காரைக் கோஸ்தான் போட்டு கேட்டுக்குள் விட்டார். பீப், பீப், பீப். என் அண்ணன் மகள் வாசலுக்கு ஓடி, இரண்டு கையையும் தூக்கி, தெருவே கேட்கும்படி கத்தினாள்: "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

கார் நின்றது. அவர்கள் இன்னும் பெண்ணையே பார்க்கவில்லை.

வேறு வழியில்லாமல், காப்பியைக் கொடுத்துவிட்டு முழுக்கதையையும் நானே சொல்ல வேண்டியதாயிற்று. அவருடைய அம்மா சிரித்ததில் காப்பி சேலையில் கொட்டியது. அவர் மட்டும் சிரிக்காமல் கடைசிவரை கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கலாமா?" என்றார். "நம்ம கல்யாணத்துக்கு யாரு வாசிக்கிறது?"

"பெரியப்பா" என்றேன்.

"அப்ப சரி."