மாடிக்குக் குடிவந்த கடற்காகங்கள்

அன்புள்ள மைத்துனனுக்கு,

இங்கே நாங்கள் நலம். அங்கே நீயும் வீட்டில் உள்ளவர்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நலம் என்று எழுதிவிட்டேனே தவிர, உச்சந்தலையில் இரண்டு தையல். போட்டது டாக்டர், போட வைத்தது நம் மொட்டைமாடிக் கடற்காகம்.

உன் அக்கா சொல்வதை நம்பாதே, வம்புக்குப் போனது நான் இல்லை. துறைமுகத்தில் எத்தனையோ இடம் இருக்க, ஒரு ஜோடி வந்து தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் காய்ந்த புல், கயிற்றுத் துண்டு, என் ஒற்றைக் காலுறை எல்லாவற்றையும் சேர்த்துக் கூடு கட்டி, புள்ளி போட்ட முட்டைகளை இட்டு, ஆணும் பெண்ணும் மாற்றி மாற்றி அடைகாத்தன. "ஆம்பளையும் உக்காருது, பாருங்க" என்று உன் அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். குஞ்சு பொரித்த பிறகு கதவைத் திறந்தாலே போதும், ஒன்று தலைக்கு நேராகப் பாய்கிறது, மற்றது குறி பார்த்து எச்சமிடுகிறது, நான் ஹெல்மெட் போட்டுக்கொண்டு துணி காயப்போடுகிறேன், எதிர்வீட்டுக்காரர் "சார், வண்டி மாடியிலயா நிக்குது?" என்று கேட்கிறார். நேற்று ஒரு குஞ்சு சறுக்கி பால்கனியில் விழுந்தது. தூக்கினால், என் சட்டைப்பையில் இருந்த, பிழை திருத்துகிற சிவப்புப் பேனாவின் மூடியை டொக் டொக்கென்று கொத்துகிறது. தாயின் அலகில் ஒரு சிவப்புப் பொட்டு உண்டு. குஞ்சு அதைக் கொத்தினால் தாய் தின்றதைக் கக்கி ஊட்டும். "பசிக்குது போல, ஏதாவது குடுங்க" என்றாள் உன் அக்கா. நான் எதைக் கக்குவது, சொல்லு? மிச்சமிருந்த மீனைக் கொடுத்தேன். தின்றுவிட்டு என் மேலேயே கக்கியது. அவசரத்தில் வெறும் தலையோடு கூட்டில் கொண்டுபோய் விட்டேன். தாய் பாய, நான் குனிய, தொட்டிக் குழாய் மண்டையைப் பிளந்தது.

ஆகவே வெள்ளிக்கிழமை கூட்டை அகற்ற ஆள் சொல்லியிருக்கிறேன். உன் அக்காவுக்குத் தெரியாது. தெரிந்தால் கூட்டுக்கு முன்னால் என்னை அகற்றிவிடுவாள். நீ முந்தின நாளே வந்து, ஏதாவது சாக்குச் சொல்லி அவளைக் கூட்டிப்போய்விடு.

குழந்தைகளுக்கு என் ஆசி. உன் மனைவியைக் கேட்டதாகச் சொல்.

தலைவலியுடன்,
உன் அத்தான்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள், சொன்ன நாளுக்கு முன்பே அந்த ஆள் ஏணியோடு வந்துவிட்டார். உன் அக்கா சமையலறையில் இருந்தாள், அவளுக்கு எதுவும் தெரியாது. வாசலை மறித்து நின்றது நான்தான். "சார், நீங்கதானே வரச் சொன்னீங்க?" என்றார். "மேல புள்ளைங்க இருக்குப்பா, போயிட்டு வா" என்று அனுப்பிவிட்டேன். நீ வரவேண்டாம். வந்தாலும் மாடிப் பக்கம் போகாதே. புது முகத்தைப் பார்த்தால் குஞ்சுகள் மிரளும்.