சாம்பாருக்கு முன்னால் ஒரு சிலுவை

கண்ணை மூடுவது ததேயுஸுக்குச் சுலபமாகத்தான் இருந்தது. திறப்பதில்தான் சிக்கல் வந்தது.

கேன்டீனில் அவர் முன்னால் தட்டு இருந்தது. தட்டில் சோறு, சோற்றின்மேல் சுடச்சுட முருங்கைக்காய்ச் சாம்பார், ஓரத்தில் கோஸ் பொரியல். நெற்றியில் தொட்டு, நெஞ்சில் தொட்டு, இரண்டு தோள்களிலும் தொட்டுச் சிலுவை அடையாளம் வரைந்தாயிற்று. ஆண்டவரே, இந்த உணவை ஆசீர்வதியும் என்று உதட்டுக்குள் சொல்லியும் முடித்தாயிற்று. ஆனால் அதற்குள் மேஜையில் பேச்சுச் சத்தம் நின்றுபோயிருந்தது. ஏழெட்டுப் பேர் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது மூடிய கண்ணுக்கே தெரிந்தது.

மெல்லத் திறந்தார். பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

எதிரே லைன் சூப்பர்வைசர் ஐயம்பெருமாள், பிசைந்த முதல் உருண்டையை வாய்க்குப் பாதி வழியில் நிறுத்தியிருந்தார்.

"என்ன வே, சாப்பாட்டைப் பார்த்துக் கும்பிடுதீரு?"

ஜெபம் பண்ணினேன் என்று சொல்லியிருந்தால் காரியம் அங்கேயே முடிந்திருக்கும். அந்த இரண்டு வார்த்தைதான் ததேயுஸின் தொண்டையில் எப்போதும் முள்ளாகச் சிக்கும். பரம்பரைக் கத்தோலிக்கர். ஞாயிறு பூசை தவறியதில்லை. பங்குத் திருவிழாவில் தேர் இழுக்க முதல் ஆளாக நிற்பார். ஆனால் அதெல்லாம் கோயில் வளாகத்துக்குள். வண்ணார்பேட்டையில் கம்பெனி பஸ் ஏறிவிட்டால் அவர் வேறு ஆள். வழியில் கோயிலைத் தாண்டும்போதுகூட, சட்டைப் பித்தானைச் சரிசெய்வதுபோலக் கட்டைவிரலால் நெஞ்சில் கடுகளவு ஒரு சிலுவை போட்டுக்கொள்வார். யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்கள் என்ற பயமில்லை. வெட்கம், அவ்வளவுதான்.

முந்தின வாரம், ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தின் தியானத்துக்கு வந்த சாமியார் அந்த வெட்கத்தின்மேல்தான் கையை வைத்தார். ஊருக்குப் போதிக்க உங்களை யாரும் கூப்பிடவில்லை, வேலை செய்கிற இடத்தில் சோற்றுத் தட்டுக்கு முன்னால் ஒரு சிலுவை போடுங்கள், அதுவே பெரிய சாட்சியம் என்று சொன்னார். சொல்லும்போது மூன்றாவது பெஞ்சைப் பார்த்தார். மூன்றாவது பெஞ்சில் ததேயுஸ் இருந்தார். பக்கத்தில் அவர் மனைவி டார்லின் இருந்தாள். அவள் அவர் விலாவில் லேசாக ஓர் இடி இடித்தாள்.

அப்படித்தான் இன்றைக்குத் துணிந்தார். துணிந்தவர் பதில் சொல்லும் இடத்தில் வழுக்கிவிட்டார்.

"ஒண்ணுமில்ல," என்றார். பிறகு, ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரியாது, "பைய சாப்பிடலாம்," என்று சேர்த்துக்கொண்டார்.

சொன்னவருக்கு முகம் சுட்டது. எடுத்த முதல் வாயை வாயில் வைக்காமலே தட்டில் போட்டார். தட்டை அப்படியே தூக்கிக்கொண்டு எழுந்துபோய்விட்டார்.

இதை வேறு யாராவது செய்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் கங்கைகொண்டானில் லாரி பிரேக்குக்குப் பாகங்கள் செய்யும் அந்தக் கம்பெனியில் ததேயுஸ் தரப் பரிசோதகர். அவர் ஒரு உருப்படியைக் கையில் எடுத்து, முகத்தைச் சுளித்து, ஓரமாக வைத்தால் அந்த வண்டிச் சரக்கே திரும்பிப் போகும். ததேயுஸ் ஒதுக்கினால் ஒதுக்கினதுதான் என்பது அங்கே பழமொழி.

ஐயம்பெருமாள் உருண்டையைத் தட்டில் போட்டார். சாம்பாரை முகர்ந்து பார்த்தார். தட்டைத் தள்ளி வைத்தார். மேஜை முழுவதும் தள்ளி வைத்தது. அதுதான் முதல் பந்தி. பின்னால் வந்தவர்களுக்குச் செய்தி வரிசையிலேயே கிடைத்துவிட்டது. எல்லாரும் ரசத்துக்கும் மோருக்கும் முண்டியடித்தார்கள். அன்றைக்கு அந்தச் சாம்பார் ஒருவர் தொண்டையிலும் இறங்கவில்லை.

கேன்டீனைக் குத்தகைக்கு எடுத்து நடத்துபவள் சுடலைவடிவு. புருஷன் போன பிறகு நாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டு, விடியுமுன் அடுப்பு மூட்டி, தலைநிமிர்ந்து பிழைப்பவள். வழித்துத் துடைத்து அனுப்பும் அண்டா அன்று நிறைந்தபடியே இருப்பதைப் பார்த்து, கரண்டியைப் பிடித்தபடி அவள் நின்றது ததேயுஸுக்குக் கை கழுவும் இடத்திலிருந்து தெரிந்தது.

மறுநாள் இதைச் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தார்.

மறுநாள் ஓரத்து மேஜையில் உட்கார்ந்தார். பக்கத்தில் ஸ்டோரில் வேலை பார்க்கும் அலி அக்பர் மட்டும்தான். இருவரும் ஒரே தெருக்காரர்கள். ததேயுஸ் நெற்றி வேர்வையைத் துடைப்பதுபோலத் துடைத்து, சட்டையில் எறும்பைத் தட்டுவதுபோலத் தட்டி, ஒருவிதமாகச் சிலுவையை முடித்தார். பிறகு சாப்பாட்டில் குறை இல்லை என்று ஊருக்குக் காட்டுவதற்காக, கேட்டுக் கேட்டு மூன்று தரம் சாம்பார் வாங்கினார். நல்லாருக்கு, நல்லாருக்கு என்று நாலு மேஜைக்குக் கேட்கிறமாதிரி சொன்னார்.

ததேயுஸ் எதையும் பாராட்டி அந்தக் கம்பெனியில் யாரும் கேட்டதில்லை. சுடலைவடிவு அவரிடம் அழுதிருக்கிறாள், அதனால்தான் மனுஷன் உயிரைப் பணயம் வைத்துச் சாப்பிடுகிறார் என்று ஐயம்பெருமாள் விளக்கினார். பாதிப் பேர் அடுத்த நாள் வீட்டிலிருந்து டிபன் கொண்டுவந்தார்கள்.

வெள்ளிக்கிழமை கோழிக்குழம்பு. தவக்காலத்து வெள்ளியில் கறி தொடக்கூடாது. ததேயுஸ் தட்டை நீட்டும்போதே தலையை ஆட்டிவிட்டார். சுடலைவடிவின் கையில் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"கோழியுமா அண்ணாச்சி?" என்றாள்.

பின்னால் நீளமான வரிசை. ஒரு வார்த்தை சொன்னால் போதும். ததேயுஸ் வரிசையைப் பார்த்தார், கோழியைப் பார்த்தார்.

"வயிறு சரியில்ல," என்றார்.

அவர் மேஜைக்குப் போய்ச் சேருமுன் அந்தச் சொல் பேக்கிங் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

திங்கட்கிழமை நிர்வாக அதிகாரி அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். நாற்காலி போட்டு உட்காரவைத்து, பயப்படாமல் சொல்லுங்கள், கேன்டீன் சாப்பாட்டால்தானே வயிறு கெட்டது என்று கேட்டார். ததேயுஸ் பதறிப்போய், இல்லை சார், வீட்டுச் சாப்பாடு என்றார். அதிகாரி அவரை வெகுநேரம் பரிவோடு பார்த்தார். ஒரு ஏழைப் பெண்ணின் பிழைப்பைக் காப்பாற்ற, கட்டின மனைவி மேல் பழியைத் தூக்கிப் போடுகிற மனசு யாருக்கு வரும் என்று அவருக்கு நெஞ்சே இளகிவிட்டது. இவ்வளவு நல்ல மனிதரின் வயிற்றோடு இனியும் விளையாடக்கூடாது என்று முடிவெடுத்தார். அடுத்த வாரத்திலிருந்து டவுன் ஹோட்டலிலிருந்து பொட்டலச் சாப்பாடு வரும். சுடலைவடிவு கணக்கை முடித்துக்கொள்ளலாம்.

சாயங்காலம் பஸ் கிளம்புகிற நேரத்தில் அவள் ததேயுஸைத் தேடி வந்தாள். சண்டைக்கு வந்தவள்போல இல்லை.

"உப்பா, புளியா, எதுன்னு சொல்லுங்க அண்ணாச்சி. திருத்திக்கிடுதேன். நீங்க சொன்னா அவுக கேப்பாவ. என்னைய நம்பி நாலு பொம்பளைய இருக்காவ."

ததேயுஸ் வாயைத் திறந்தார். பஸ் ஹாரன் அடித்தது. ஏறிவிட்டார். வண்ணார்பேட்டை வரைக்கும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

வீட்டில் டார்லின் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். தன் சமையலைச் சாப்பிட்டு ததேயுஸுக்கு வயிறு கெட்டுப்போன கதை, அலி அக்பர் மதியமே போனில் சொல்ல, அவர் வீட்டு அலிமா பீவி வழியாக, மருந்துக்கு ஓமத் தண்ணீரோடு வந்து சேர்ந்திருந்தது. ததேயுஸ் முதலிலிருந்து கடைசிவரை ஒப்பித்தார். ஞாயிறு மறைக்கல்வியில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவள் டார்லின். கதையில் பாதிவரை சிரித்தாள். சுடலைவடிவு பஸ்ஸுக்கு வந்த இடத்தில் சிரிப்பை நிறுத்தினாள்.

"நெத்தியில சிலுவை போட வெக்கப்பட்டுக்கிட்டு, அந்தப் பொம்பளையச் சிலுவையில ஏத்திட்டு வந்திருக்கீங்க," என்றாள்.

ஓமத் தண்ணீரைக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். ததேயுஸ் அதைக் குடித்தார். வயிற்றில் கோளாறு ஒன்றும் இல்லை. நெஞ்சில்தான் இருந்தது.

மறுநாள் மதியம் முதல் பந்தியில் தட்டை வாங்கினார். மேஜைக்குப் போனார். உட்காரவில்லை. டம்ளரால் மேஜையைத் தட்டினார். கேன்டீன் மொத்தமும் திரும்பியது. வாசலில் பொட்டலச் சாப்பாட்டுக்கு இடம் பார்க்க வந்திருந்த நிர்வாக அதிகாரியும் நின்றுவிட்டார்.

"அன்னைக்கு நான் கண்ணை மூடுனது சாம்பாருக்குப் பயந்து இல்ல," என்றார். "ஜெபம் பண்ணுனேன். சோறு குடுத்த ஆண்டவருக்கு நன்றி சொல்லிட்டு, பொங்கிப்போட்ட கையையும் ஆசீர்வதிக்கச் சொல்லிட்டுச் சாப்பிடுதது எங்க வழக்கம். இத்தனை வருஷமா இங்கன செய்ய வெக்கம். அதான் விஷயம்."

பிறகு வெள்ளிக்கிழமைக் கோழியைப் பற்றிச் சொன்னார். வயிறு சரியில்லை என்றது பொய் என்றார். வீட்டுச் சாப்பாடு என்றது அதைவிடப் பெரிய பொய், அதற்கு வீட்டில் தனியாக வாங்கிக்கொண்டாயிற்று என்றார். இந்தச் சாப்பாட்டில் தரப் பரிசோதனைக்கு எந்தக் குறையும் இல்லை என்று, பிரேக் பாகத்துக்குச் சொல்கிற அதே குரலில் சொன்னார்.

"அப்ப பைய சாப்பிடலாம்னு சொன்னீரே, அது என்னது வே?" என்று கேட்டார் ஐயம்பெருமாள்.

"அது சும்மா வாயில வந்துட்டு."

"நீரு சும்மா சொன்னதுக்கு நாங்க ஒரு வாரமா ரசத்தைக் குடிச்சுக்கிட்டுக் கெடக்கோம்."

சிரிப்பு ஒரு மேஜையில் தொடங்கி, ஒவ்வொன்றாகப் பரவி, அடுப்படி வரைக்கும் போயிற்று. அலி அக்பர் மட்டும் சிரிக்காமல் ததேயுஸின் சட்டையைப் பிடித்து இழுத்தார். "நான் தெனமும் பிஸ்மி சொல்லித்தான் வாயில வைக்கேன். உம்ம பக்கத்துலதான உக்காருதேன். ஒருநாளும் காதுல விழலையா?"

விழவில்லை. தன்னை யார் பார்க்கிறார்கள் என்று பார்ப்பதிலேயே ததேயுஸின் நேரம் போயிருந்தது. ஐயம்பெருமாள் தன் பங்குக்கு, எங்கள் வீட்டில் காக்காய்க்கு வைக்காமல் ஒருவரும் தட்டில் கை வைக்கமாட்டோம், இதைச் சொல்ல என்ன வெட்கம் என்றார்.

ததேயுஸ் உட்கார்ந்தார். வேர்வை துடைக்காமல், எறும்பு தட்டாமல், அகலமாக, அவசரமில்லாமல் சிலுவை அடையாளம் வரைந்தார். அதன்பிறகு சாப்பிட்டார். நிர்வாக அதிகாரி வாசலிலேயே ஒரு தட்டு வாங்கி, இரண்டாம் தரமும் சாம்பார் கேட்டார். டவுன் ஹோட்டலுக்கு வேண்டாம் என்று போன் போயிற்று. சுடலைவடிவு அடுப்படிக்குள் போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெளியே வந்து எல்லாரையும் அதட்டிப் பரிமாறினாள்.

அதற்குப் பிறகு ததேயுஸுக்கு வேறு தொல்லை வந்தது. அவர் கண்ணை மூடித் திறக்கும்வரை அந்த மேஜையில் யாரும் சாப்பிடுவதில்லை. ஐயம்பெருமாள் தன் மகளுக்குப் பரீட்சை நடக்கிறது, அதையும் சேர்த்துச் சொல்லும் என்றார். சேர்த்துக்கொண்டார். பேக்கிங்கில் ஒருவருக்குத் தாயாரின் முழங்கால் ஆபரேஷன். அதையும் சேர்த்துக்கொண்டார். ஒருவர் தவக்காலம் என்றால் என்ன, ஏன் நாற்பது நாள் என்று கேட்டார். ததேயுஸ் திணறி, வீட்டுக்குப் போய் டார்லினிடம் பாடம் கேட்டு, மறுநாள் வந்து விளக்கினார். சொல்லச் சொல்லத்தான் தனக்கே அது புரிவதுபோல இருந்தது. ஜெபம் நீண்டு, சாம்பார் ஆறிப்போயிற்று. ஆறின சாம்பாரைச் சந்தோஷமாகச் சாப்பிட்டார். பஸ் கோயிலைத் தாண்டும்போது இப்போது பித்தான் அதன் பாட்டுக்கு இருந்தது. கைதான் நெற்றிக்குப் போயிற்று.

தவக்காலம் முடிகிற பெரிய வியாழனுக்கு முந்தின நாள், சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போனார். மனசு நிறைந்திருந்தது. குழாயடியில் பாத்திரம் தேய்க்கும் முத்துராணி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள். வாயைத் திறந்தே பேசாத பெண். அவளுக்கும் ஏதோ வேண்டுதல் இருக்கும்போல என்று ததேயுஸ் கனிவாகக் குனிந்தார்.

"வடிவக்காகிட்ட சொல்லிராதிய அண்ணாச்சி," என்றாள் அவள், குரலை இறக்கி. "அன்னைக்கு நீங்க கும்பிட்டு, ஒருத்தரும் தொடாம மிஞ்சுன சாம்பார்ல, அடியில பல்லி கெடந்துச்சு."