அத்தைக்கு இழுத்த ஒயர்

"உங்க தயவுல சுகமா குளிச்சேன் மாப்பிள்ளை" என்று அன்றைக்கும் அத்தை சொன்னதும், பொறியாளர் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

தினமும் இதே வார்த்தை. மனைவியின் அம்மா பின்கட்டு அறைக்குக் குடிவந்தபோது, அங்கிருந்த குளியலறை ஹீட்டருக்கு இவர்தான் வீட்டிலிருந்து ஒயர் இழுத்திருந்தார்.

"உங்கம்மா குத்திக் காட்டுறாங்க. தண்ணி சரியா சூடாகலை போல" என்றார் மனைவியிடம்.

"எங்கம்மா நன்றி சொன்னா அது நன்றிதான். எல்லாத்துலயும் உள்ளர்த்தம் தேடாதீங்க."

அவருக்கு மனசு கேட்கவில்லை. கால் முறிந்து படுத்த படுக்கையாகக் கிடந்த இவரைத் தூக்கி உட்காரவைத்து, ஊட்டிவிட்டு, மறுபடி நடக்கவைத்தது அத்தைதான். அப்பேர்ப்பட்டவருக்கு ஒரு நல்ல வெந்நீர் கொடுக்கத் துப்பில்லை என்றால் இவர் என்ன பொறியாளர்? அத்தை இனி எங்கேயும் போகாமல் தன்னோடேயே இருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை.

அத்தை இல்லாத சமயம் பார்த்துக் குழாயைத் திறந்தார். அங்கே ஒரே குழாய்தான். தண்ணீர் ஓடும்போதே சூடாக்கும் ஹீட்டரிலிருந்து என்ன வருகிறதோ அதில்தான் குளிக்க வேண்டும். வெதுவெதுப்பு என்று சொல்லக்கூடக் கொஞ்சம் தாராள மனசு வேண்டியிருந்தது. அதிகப்படி நீளத்தை வெட்டாமல் சுவரோரம் சுருட்டிவைத்திருந்த ஹீட்டர் ஒயரின் மேல் அடுத்த வீட்டுப் பூனை சொகுசாகப் படுத்திருந்தது. தொட்டுப் பார்த்தார். ஒயர் நல்ல சூடு. அத்தைக்குப் போக வேண்டிய மின்சாரம் பூனைக்குப் போய்க்கொண்டிருந்தது.

உட்கார்ந்து கணக்குப் போட்டார். மின்னோட்டத்தை அதாலேயே பெருக்கி, ஒயரின் தடையாலும் பெருக்கினால், வழியில் சூடாகி வீணாகும் மின்சக்தி தெரிந்துவிடும். பள்ளிக்கூடக் கணக்குதான். ஆனால் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் பார்த்ததெல்லாம் ஊர்விட்டு ஊர் போகும் பெரிய மின்தடங்கள். அங்கே மூன்று கம்பிகளும் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்ளும். திரும்பி வரும் வழியைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். வீட்டு ஒயரில் போன மின்சாரம் திரும்பியும் வந்தாக வேண்டும். பழக்கதோஷத்தில் போகிற தூரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, பாதி கனத்தில் ஒயர் வாங்கியிருந்தார்.

"ஊருக்கெல்லாம் இழப்பு கணக்குப் பார்க்கிறவன், வீட்டுல கோட்டை விட்டுட்டேன்" என்றார்.

"ஆபீஸ்ல போய்ச் சொல்லிடாதீங்க" என்றாள் மனைவி.

அன்றே தடித்த ஒயர் வந்தது. மறுநாள் அத்தை சிவந்த கைகளோடு வந்து உட்கார்ந்தார். நன்றி வரவில்லை.

"தண்ணி எப்படி அத்தை?"

"ம்... நல்லாருக்கு."

அதில் உயிரே இல்லை. இன்னும் போதவில்லை போலிருக்கிறது என்று, இணைப்புகளையெல்லாம் பிரித்து இறுக்கி, அதைவிடத் தடித்த ஒயர் போட்டார். அத்தை பேச்சையே குறைத்துக்கொண்டார். இவர் விடுவாரா? கடையில் இருந்ததிலேயே பெரிய ஹீட்டரை வாங்கி மாட்டினார். குளியலறை ஜன்னல் வழியாக ஆவி பறந்தது. பூனை புது ஒயரை முகர்ந்து பார்த்து, சூடில்லை என்று தெரிந்ததும் கோபித்துக்கொண்டு போய்விட்டது.

அடுத்த நாள் காலையில் அத்தை பெட்டியோடு கூடத்தில் நின்றார்.

"மகன் வீட்டுல போய் இருக்கேன் மாப்பிள்ளை. இவ்வளவு நாள் என்னைப் பார்த்துக்கிட்டதே பெருசு."

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். பொறியாளர் குறுக்கே வந்து நின்றார்.

"நான் என்ன குறை வச்சேன் அத்தை?"

"குறை ஒண்ணும் இல்லைப்பா. எனக்குப் புரிஞ்சுது, அவ்வளவுதான்."

வாசலில் வண்டி வந்து நின்றது. வழக்கமாக அத்தையை வைத்தியரிடம் கூட்டிப்போய் வருகிற அதே வண்டிக்காரர். பெட்டியை வாங்கிக்கொண்டவர் பொறியாளரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அம்மா சொல்லாமலே, அவங்க தோலு சூடு தாங்காதுன்னு கண்டுபிடிச்சு, தண்ணி வெதுவெதுன்னு வர்ற மாதிரி கணக்குப் போட்டு ஒயர் இழுத்த மாப்பிள்ளை நீங்கதானே சார்? போன தடவை வழி பூரா உங்க பெருமைதான். எங்க மாமியாரும் வந்திருக்காங்க, அதே ஒயர் எங்க வீட்டுக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்களேன்."