தண்ணி குடிக்காத அட்டை

அரை மணி நேரமாகத் தர்மராஜின் விரல்கள் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தன. படம்தான் அசையவில்லை.

“ஆண்டாளு, இது என்ன படம்? வழுக்கவே மாட்டேங்குது!”

பீங்கான் கோப்பைக்குப் படம் ஏற்றுவதில் தர்மராஜுக்கு இருபத்திரண்டு வருட அனுபவம். படத்தாளைத் தண்ணீரில் போட்டால் ஒரு நிமிடத்தில் படம் தாளை விட்டு வழுக்கி வரும். அதைக் கோப்பையில் ஏற்றிச் சூளைக்கு அனுப்பிவிடலாம். உலகத்தில் எந்தப் படத்தையும் இப்படித்தான் ஒட்ட முடியும் என்பது அவர் முடிவு. விருத்தாசலத்தில் அதை எதிர்த்துப் பேச ஆளும் கிடையாது.

காலையில் முதலாளியம்மா பானுமதி ஸ்ரீமுஷ்ணத்துக்குக் கல்யாணத்துக்குக் கிளம்பும்போது ஒரு பார்சலைக் கையில் கொடுத்திருந்தார்.

“இதுல சாம்பிள் இருக்குது. இத அனுப்புன மாணிக்கவேல்னு ஒருத்தரு பன்னண்டு மணிக்கு வருவாரு. எடுத்துப் பாத்து, எப்படி இருக்குதுன்னு அவருகிட்ட சொல்லுங்க. இந்த ஆர்டரு நமக்கு வந்துச்சுன்னா பெண்ணாடம் ரோட்டுல களிமண்ணு சலிக்கிற புது யூனிட்டுக்கு நீங்கதான் சூப்பர்வைசரு.”

தர்மராஜ் உடனே வீட்டுக்குப் போன் போட்டார். மனைவி திரௌபதி கேசரி கிண்டி, பத்து மணிக்குள் தெருவில் ஏழு வீட்டுக்குக் கொடுத்தும் விட்டாள். இனி சூப்பர்வைசர் ஆகாமல் அவர் அந்தத் தெருவில் தலைகாட்ட முடியாது.

பார்சலுக்குள் பளபளவென்று மூன்று அட்டைகள். ஒவ்வொன்றின் மேலும் பிளாஸ்டிக்கில் ஒரு படம்: மயில், தாமரை, குத்துவிளக்கு.

“அண்ணே, பின்னால எழுதியிருக்குது. உரிச்சு எடுத்துக் கண்ணாடியில வெச்சாப் போதுமாம். பசையே வேணாமாம்,” என்றாள் ஆண்டாள். அவளும் அதே பிரிவில் படம் ஏற்றுகிறவள்தான்.

“பசையில்லாம நீயும் ஒன் மாமியாருமே ஒட்டல. பிளாஸ்டிக்கு ஒட்டுமா? போயி வெந்நி கொண்டா.”

கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வந்தது. மயில் அட்டை உள்ளே போயிற்று. இந்தத் தடவை படம் கழன்றது, ஆனால் பொரித்த அப்பளம் போலச் சுருண்டுகொண்டது. அட்டை மட்டும் எனக்கென்ன என்று கிடந்தது.

“சூட்டுல காட்டினா நேரா கழண்டுரும்,” என்று தாமரையை அட்டையோடு சூளை வாசலில் நீட்டினார். கழலவில்லை. தாமரை சுருங்கிச் சுருங்கிக் கத்தரிக்காய் ஆனது. அட்டை அப்போதும் வளையவில்லை.

மிச்சம் குத்துவிளக்கு. மணி பதினொன்றே முக்கால். தர்மராஜ் படத்தை அவசரமாக உரித்து, கால் டப்பா பசையை அப்பி, ஆபீஸ் கண்ணாடிக் கதவில் அறைந்தார். குத்துவிளக்கு நின்ற இடத்தில் நிற்காமல் மெதுவாகக் கீழே இறங்க ஆரம்பித்தது.

“அண்ணே, வெளக்கு எறங்குது!”

“தாங்கிப் புடி!”

ஆண்டாள் தாங்கிப் பிடித்ததில் பசை அவள் முழங்கை வரை வழிந்தது. அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு மாணிக்கவேல் வந்து நின்றார். விளக்கு அவர் சட்டைப் பையில் ஒட்டிக்கொண்டது.

தர்மராஜின் கண்முன்னால் ஏழு கேசரித் தட்டும் வந்து போயின. உண்மையைச் சொன்னால் உத்தியோகம் போச்சு. பழியை யார் மேலாவது போட்டாக வேண்டும். ஆளுக்குப் பதில் அட்டை அகப்பட்டது.

“வாங்க சார். படம் மூணும் அருமையான படம். கெடுத்தது பூரா இந்தப் பாழாப்போன அட்டைதான்!”

“அப்படிங்களா?” என்று மாணிக்கவேல் நோட்டை எடுத்தார்.

எழுதுகிறாரே என்றதும் தர்மராஜுக்கு வேகம் வந்துவிட்டது. “எழுதிக்குங்க சார்! அரை மணி நேரம் பச்சத்தண்ணியில போட்டேன், ஒரு சொட்டு குடிக்கல. கொதிக்கிற வெந்நியில போட்டேன், உப்பல. சூளை வாசல்ல காட்டினேன், ஒரு மூலை வளையல. படத்த உரிச்சா மேல ஒரு பொட்டு ஒட்டல, அப்படியே முழுசா வுட்டுடுது. இதெல்லாம் ஒரு அட்டையா? இத செஞ்சவன் மட்டும் என் கையில கெடச்சான்னா...”

“அண்ணே, போதும்ணே,” என்று ஆண்டாள் பசைக் கையால் அவர் சட்டையை இழுத்தாள்.

மாணிக்கவேல் மூன்று அட்டைகளையும் எடுத்துத் துடைத்தார். மடக்கிப் பார்த்தார், நகத்தால் சுரண்டிப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. போனை எடுத்து நம்பரைப் போட்டார். தர்மராஜ் கதவில் வழிந்த பசையைச் சட்டை நுனியால் துடைக்க ஆரம்பித்தார். வேலை போனாலும் பரவாயில்லை, திரௌபதிக்கு என்ன பதில் சொல்வது?

“பானுமதியம்மாங்களா? உங்க களிமண்ணுக்கே ஆர்டர் போட்டுடறேங்க. படமெல்லாம் நான் சும்மா கடையில வாங்கி மேல வெச்சதுங்க, நாங்க செய்யறது உங்க மண்ண அரைச்சுப் பூசின அந்த அட்டைய மட்டுந்தான், அத உங்க ஆளு வேகவெச்சே சோதிச்சுட்டாரு!”