பதினாலாம் நம்பர் சாவி

அன்புள்ள அத்தைக்கு,

மருமகன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் நலம். மாமாவின் முட்டிவலியும் உங்கள் ரத்தக்கொதிப்பும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். மகள் போய் நாற்பது நாள்தான் ஆகிறது, தனியாக இருக்காதே, கூட்டிப்போக வருகிறோம் என்று எழுதியிருந்தீர்கள். வேண்டாம். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், வேலைக்குப் போகிறேன்.

வேலையில் மட்டும் போன புதன்கிழமை ஒரு சின்ன விஷயம். எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு அடியில் மூன்று கிலோமீட்டர் வட்டச் சுரங்கம். அதில் அணுவைவிடப் பொடியான துகள்களை ஓடவிட்டு மோதவிடுவதுதான் எங்கள் பிழைப்பு. ஓடும்போது உள்ளே ஆள் இருந்தால் உயிருக்கு ஆபத்து. அதனால் உள்ளே போகிறவன் வாசல் பலகையிலிருந்து ஆளுக்கொரு சாவி எடுத்துக்கணும், வெளியே வந்ததும் திரும்ப மாட்டணும். ஒரு சாவி குறைஞ்சாலும் இயந்திரம் கிளம்பாது. அதைப் பொறுத்தவரை ஒருத்தன் இன்னும் உள்ளே இருக்கான். நான் பதினாலாம் நம்பரை எடுத்துட்டுப் போய் ஒரு பம்ப்பைச் சரிபண்ணினேன், காந்தங்களுக்கு நடுவுல கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன், அங்க தண்ணிக்குள்ள தலையை வச்ச மாதிரி ஒரு ரீங்காரம், எப்படி இருக்கேன்னு யாரும் கேக்க மாட்டாங்க, அப்புறம் எந்திரிச்சு வீட்டுக்கு வந்துட்டேன். சாவி சட்டைப் பையிலயே. சட்டையை வாஷிங் மெஷின்ல போட்டு, அது முன்னாடி உட்கார்ந்து சுத்துறதைப் பார்த்தேன். நின்னுச்சு. மறுபடி போட்டேன். மூணு தடவை.

அங்க நானூறு விஞ்ஞானிகள் கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்க, எங்க பாதுகாப்பு அதிகாரி (குரலுக்காக எட்டுக்கட்டைன்னு கூப்பிடுவோம்) ஒலிபெருக்கியோட சுரங்கத்தை ரெண்டு சுத்து சுத்தி என் பேரைச் சொல்லிக் கத்தியிருக்கார். வட்டமில்லையா, அவர் குரலே பின்னாடி வந்து அவரைத் துரத்தியிருக்கு. நான் போனை அணைச்சு அரிசி டப்பாவுல புதைச்சிருந்தேன். சாயங்காலம் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"நீ இங்கயாப்பா இருக்க?"

"ஆமா சார்."

"மெஷின் நீ உள்ள இருக்கேங்குது."

"அது சொன்னா சரியாத்தான் சார் இருக்கும். சாவிப் பலகைக்குக் கம்பி இழுத்ததே நான்தானே."

ஏற இறங்கப் பார்த்தார். என் ஒரு கால்ல என் செருப்பு, இன்னொண்ணுல அவ செருப்பு. "சரி, சாவி எங்க?"

வாஷிங் மெஷின் டொக் டொக்னு பதில் சொல்லுச்சு. அதை நிறுத்தி, கையை விட்டுத் துழாவி எடுத்தார். சாவியோட அவ பச்சை நைட்டியும் வந்துச்சு. துவைக்காம தலையணை உறைக்குள்ள வச்சிருந்தது அத்தை. சட்டையோட எப்படிப் போச்சுன்னே தெரியல. மோந்து பார்த்தேன். சோப்பு வாசனைதான்.

எட்டுக்கட்டை அவ்வளவு சன்னமாப் பேசி நான் கேட்டதே இல்ல. "கொடி எங்கப்பா இருக்கு? குடு, நான் காயப்போடுறேன்."

தண்டனை ரெண்டு வாரம் லீவு. அப்புறமும் துணைக்கு ஆள் இல்லாம நான் சுரங்கத்துக்குள்ள போகக் கூடாதாம். மற்றபடி இங்கே யாவரும் நலம், அதாவது நான். நீங்கள் அலைய வேண்டாம். மாமாவுக்கு மூன்று மாடி ஏற முடியாது.

உங்கள் இருவர் ஆசியையும் வேண்டும்,
மருமகன்

பி.கு.: மேலே 'நலம்'னு வர்ற இடத்தையெல்லாம் அடிச்சிட்டுப் படிங்க. நீங்க வர சனிக்கிழமை காலை ரயிலுக்கு ரெண்டு டிக்கெட் இந்தக் கவருக்குள்ள வச்சிருக்கேன். மாமாவை நாற்காலியோட தூக்கிட்டு ஏற எட்டுக்கட்டைகிட்ட பேசியாச்சு. நைட்டி நாலு நாளா கொடியிலயே கிடக்கு அத்தை. எடுத்து மடிக்க எனக்குக் கை வரல.