எலும்பில் விழுந்த சூலம்

விருத்தாசலத்தில் அந்த மாதம் இடுப்பு வலி இல்லாதவர்களுக்கு மரியாதையே இல்லை.

ஜங்ஷன் ரோட்டில் பூட்டிக் கிடந்த ஓர் அரிசி மண்டியில் எலும்புச் சாமி வந்து இறங்கியிருந்தார். வேப்பூரிலிருந்தும் சேத்தியாத்தோப்பிலிருந்தும் பஸ், மங்கலம்பேட்டையிலிருந்து வேன் என்று வெள்ளிக்கிழமைதோறும் கூட்டம் நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்தது. லோக்கல் கேபிளில் படம் ஓடும்போது அடியில் எழுத்து ஓடியது: 'இடுப்பில் பிடித்துக் காலில் இறங்கும் வலியா? தையல் கிடையாது, தழும்பு கிடையாது. கெட்ட எலும்பை சாமி கையாலேயே எடுத்துத் தருவார்.'

வந்தவரைக் குப்புறப் படுக்க வைப்பார் சாமி. முதுகில் சிவப்புத் தண்ணீரை ஊற்றுவார். மேலே துண்டைப் போட்டுப் பிசைவார், உறுமுவார், ஒரு கத்துக் கத்துவார். கையை எடுத்தால் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு வெள்ளை எலும்பு. முதுகில் ஒரு கீறல்கூட இருக்காது. ஓட்டையே இல்லாத உடம்பிலிருந்து எலும்பு எந்த வழியாக வந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் எலும்பு கோபித்துக்கொண்டு உள்ளே போய்விடுமாம்.

அதைவிடப் பெரிய அதிசயம் எலும்பில் தெரிந்த அடையாளம். சிலருக்குச் சூலம், சிலருக்குச் சிலுவை. "அவனவன் தெய்வம் அவனவன் எலும்புல கையெழுத்துப் போட்டிருக்குது" என்றார் சாமி. மங்கலம்பேட்டை ஜவுளிக்கடை பாய்க்கு வந்த எலும்பில் ஒன்றுமே இல்லை. அவர் முகம் வாடியதும் சாமி அசரவில்லை. "உங்க மார்க்கத்துல உருவம் கிடையாதே பாய்!" என்றார். பாய்க்குப் புல்லரித்துவிட்டது.

சாமி பணம் வாங்க மாட்டார், உத்தமர். வலிக்கிற காலின் வெள்ளிக் கொலுசை மட்டும் அங்கேயே கழற்றி வைத்துவிட வேண்டும். ஆண்கள் வெள்ளி அரைஞாண் கொடியை வைக்க வேண்டும். வலி பட்ட வெள்ளி வீட்டுக்குத் திரும்பினால் வலியும் கூடவே வந்துவிடுமாம். பாவம், ஊர் வலியையெல்லாம் சாமி ஒருவரே பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டார்.

பாஞ்சாலை தன் இடது கால் கொலுசை வைத்துவிட்டு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

செராமிக் எஸ்டேட்டில் ஒரு பீங்கான் கம்பெனியில் அவளுக்குப் பிசிறெடுக்கும் வேலை. அச்சிலிருந்து வரும், இன்னும் சுடாத பச்சைச் சாமானில் அச்சின் இரு பாதியும் சேர்ந்த இடத்தில் ஒரு கோடு துருத்திக்கொண்டிருக்கும். அதைச் சிறு கத்தியால் வழித்துவிட வேண்டும். அதன் பிறகுதான் சூளை. பியூஸ் கட்டையோ பொம்மையோ, எது வந்தாலும் தரையில் காலை மடக்கி உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல், இருபது வருஷம் வழித்தாள். இடுப்பு எத்தனை நாள் பொறுக்கும்? இடுப்பில் சுருக்கென்று தொடங்கித் தொடை, கெண்டைக்கால் வழியாகக் கட்டைவிரல் வரைக்கும் மின்சாரம் பாய்ந்தது போல ஒரு வலி.

ஆஸ்பத்திரி லேடி டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். "வலி கால்ல, கோளாறு முதுகுலம்மா. எலும்புக்கு எலும்பு நடுவுல ஒரு வில்லை இருக்கு. அது பிதுங்கி காலுக்குப் போற நரம்பை நசுக்குது. தரையில உக்காராத, நாற்காலியில உக்காரு. மாத்திரைய விடாத, நான் காட்டுற பயிற்சிய தினம் செய். கால் மரத்துப்போனாலோ, பாதத்தைத் தூக்க வரலைன்னாலோ ஒருநாள்கூடத் தள்ளிப்போடாம ஓடி வந்துடணும்."

ஓட முடிந்தால் இங்கே எதற்கு வருகிறேன் என்று பாஞ்சாலை நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்காரர் நடராசன் சைக்கிள் கடை வைத்திருந்தார். ஊரார் சைக்கிள் கோணலையெல்லாம் நிமிர்த்துகிறவர். "நாற்காலியா? நீ என்னா கலெக்டரா? மாத்திரைய தூக்கிப் போடு. சாமிகிட்ட போவலாம் வா" என்றார். போனார்கள். எலும்பு வந்தது. மாத்திரையும் ஆஸ்பத்திரியும் மூன்று மாதத்துக்கு ஆகாது என்று சாமி ஆணையிட்டார். எலும்பை மஞ்சள் துணியில் சுற்றி நடராசன் கையில் கொடுத்தார். அவர் அதை வீட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துத் தினமும் பூப்போட்டார். பாஞ்சாலையைத் தொடக்கூட விடவில்லை.

முதல் வாரம் வலி குறைந்தது போல இருந்தது. இரண்டாம் வாரம் கால் மரத்தது. அடுத்த வெள்ளிக்கிழமை போய்ச் சொன்னபோது சாமி சிரித்தார். "வலி சாவுது தாயி. அதான் மரத்துப்போவுது."

மூன்றாம் வாரம் வேலைக்குப் போகும் வழியில், "பாஞ்சால, செருப்பு எங்கடி?" என்று கூட வேலை செய்யும் கிரேசி கேட்டாள். பாஞ்சாலை குனிந்து பார்த்தாள். இடது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்றே தெரியவில்லை. சாலையில் வெயில் கொதித்தது, பாதத்துக்கு அதுவும் தெரியவில்லை. கட்டைவிரலைத் தூக்கிப் பார்த்தாள். அது அசையவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வலி சாகவில்லை, கால் சாகிறது.

"இன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு வா. நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள் கிரேசி.

ஆஸ்பத்திரிச் சீட்டை எடுக்க இருவரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். நடராசன் கடையில் இருந்தார். சீட்டு சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருந்தது. அதை இழுத்தபோது மஞ்சள் துணி சரிந்து எலும்பு பாஞ்சாலையின் கையில் விழுந்தது. இருபது வருஷத்துப் பழக்கம், கட்டைவிரல் தானாகப் போய் ஓரத்தைத் தடவியது. தட்டுப்பட்டது ஒரு கோடு. அச்சுக் கோடு, சரியாக வழிக்காதது.

திருப்பிப் பார்த்தாள். நடராசன் குங்குமம் வைத்திருந்த சூலம். மூன்று கோடு, நடுக்கோடு மட்டும் வலப்பக்கம் சாய்ந்திருந்தது.

"அடியே கிரேசி! இது என் கோழிக்கால்டீ!"

கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. பிசிறெடுக்கிறவள் ஒவ்வொருத்தியும் தன் சாமானின் அடியில் தன் குறியைக் கீறி வைப்பாள். குறை இருந்தால் அவளிடமே திரும்பி வரும். பாஞ்சாலையின் குறி கோழிக்கால். சுட்டுவிரல் சற்றுக் கோணல் என்பதால் அவள் நடுக்கோடு எப்போதும் சாயும். கிரேசியின் குறி சிலுவை. மறந்துபோய் விட்டால் குறியே இருக்காது. பாய்க்கு வந்தது அப்படி ஒன்று.

இரண்டு மாதம் முன்பு மீன் தொட்டியில் போடும் அலங்கார எலும்பு என்று ஓர் ஆர்டர் வந்திருந்தது. "மீனுக்கு எதுக்குடி எலும்பு, அதுக்கே வேணுங்கறதுக்கு மேல இருக்குது" என்று சிரித்தபடியே இருவரும் வழித்துத் தள்ளினார்கள். தன் இடுப்பிலிருந்து எடுக்கப்போகும் எலும்புக்குத் தானே பிசிறெடுத்துக் கொடுத்தவள் உலகத்திலேயே பாஞ்சாலை ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும். சூளையில் சுருங்கி, வெள்ளை வெளேரென்று வெந்து வந்ததால் முதலில் அடையாளம் தெரியவில்லை.

"மொதல்ல ஆஸ்பத்திரி" என்றாள் கிரேசி.

"ஆஸ்பத்திரிதான். ஆனா வழியிலதானே மண்டி இருக்குது? இன்னைக்கு வெள்ளிக்கிழமை. அவன் இன்னும் எத்தனை காலைச் சாவடிக்கப் போறான்? கம்பெனியில அந்தப் பச்சை எலும்பு ஒண்ணு மிச்சம் கெடக்கும், எடுத்துட்டு வா. கத்தியும் ஒரு வாளி தண்ணியும் வேணும்."

மண்டியில் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். நடராசனும் கடையைப் பூட்டிவிட்டு முன்வரிசையில் நின்றார். டோக்கன் கொடுக்கும் பக்கிரி தடுக்குமுன் பாஞ்சாலை காலை இழுத்துக்கொண்டு நடுவில் போய் நின்றாள்.

"சாமி, இன்னொரு எலும்பு எடுங்க. ஆனா துண்டைப் போடறதுக்கு முன்னால அந்த வேட்டி மடிப்ப ஒரு ஒதறு ஒதறிட்டு, இந்தத் தண்ணியில கையக் கழுவிடுங்க."

"தண்ணி பட்டா சக்தி போயிடும் தாயி."

"தெனம் குளிக்கறதே இல்லீங்களா அப்ப?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நடராசன் ஓடி வந்தார். "பைத்தியமாடி ஒனக்கு? சாமி எலும்புல சூலமே வுழுந்திருக்குது!"

"யோவ், சூலத்தப் போட்டவளே நான்தாய்யா. பாரு."

கிரேசி கொண்டுவந்த சாம்பல் நிறப் பச்சை எலும்பைக் கையில் எடுத்தாள். கத்தியால் மூன்று இழுப்பு. எல்லோரும் பார்க்க, நடுக்கோடு வலப்பக்கம் சாய்ந்தது. நடராசன் பூப்போட்ட எலும்பை அதன் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் ஒரே கைக் கீறல்.

"இது இன்னும் சூளைக்கே போவல. யாரு இடுப்பு எலும்பு இது? இன்னும் பொறக்காதவனோடதா?" என்று கேட்டபடி அதை வாளியில் போட்டாள். சேறாகிக் கரைய ஆரம்பித்தது.

சிலுவை எலும்பு கிடைத்துக் கூட்டத்தில் நின்ற அந்தோணியம்மாளின் துணி முடிச்சைக் கிரேசி வாங்கிப் பிரித்தாள். "சேசு போட்ட சிலுவைன்னு முத்தம் குடுத்தீங்களே அக்கா, அது நான் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால அவசரமா கீறுனது."

முன்பே எலும்பு வாங்கி மடியில் முடிந்து வைத்திருந்தவர்களின் முடிச்சுகள் மண்டியெங்கும் அவிழ்ந்தன. எல்லா எலும்பிலும் அதே இடத்தில் அச்சுக் கோடு, அதே இடத்தில் ஒரு சின்னக் குழி. பல ஊர், பல சாதி, பல சாமி. இடுப்பு மட்டும் எல்லோருக்கும் ஒரே அச்சில் வார்த்ததாக இருந்தது.

"சாமி, கையக் கழுவுங்க" என்றார் ஜவுளிக்கடை பாய், அமைதியாக.

சாமி கழுவவில்லை. எழுந்து பின்வாசலுக்குப் பாய்ந்தார். நோயாளிகள் எல்லோரும் நொண்ட, அவர் ஒருவர்தான் அந்த இடத்தில் நன்றாக ஓடினார். வாசற்படியில் தடுக்கி விழுந்ததில் வேட்டி மடிப்பு அவிழ்ந்து கலகலவென்று கொட்டியது. அன்றைக்குத்தான் முதன்முதலாக ஓர் இடுப்பிலிருந்து நிஜமாகவே எலும்பு வந்தது, பதினேழு!

பெட்டியை உடைத்துக் கொலுசுகளைப் பிரிப்பதில் ஊர் மும்முரமாக இருந்தது. போலீஸ் வந்து சாமியையும் பக்கிரியையும் ஏற்றிக்கொண்டது. பாஞ்சாலை தன் கொலுசைத் தேட நிற்கவில்லை. நடராசன் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவர் வழியெல்லாம் தலை குனிந்தே மிதித்தார். திரும்பிப் பார்க்கவும் வெட்கம்.

டாக்டர் காலைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திட்டினார். திட்டி முடித்துக் கடலூருக்கு அனுப்பினார். ஆபரேஷன் நடந்தது. முதுகில் இந்த முறை தையலும் இருந்தது, தழும்பும் இருந்தது. கட்டைவிரல் மறுபடி அசைய ஐந்து மாதம் ஆயிற்று. பாதம் முழுதாகத் திரும்பவில்லை, லேசாக இழுக்கும். மூன்று வாரம் முன்னால் வந்திருந்தால் இதுகூட இருந்திருக்காது என்று டாக்டர் சொன்ன அன்று, பாஞ்சாலை வீட்டுக்கு வந்து வாய்விட்டு அழுதாள். நடராசனும் அழுதார். மறுநாள் கம்பெனிக்கு ஒரு மர நாற்காலியைச் சைக்கிளில் கட்டி அவரே கொண்டுபோய் வைத்தார்.

பொங்கல் கழிந்து ஒருநாள், கடையில் யாரோ கொடுத்த நோட்டீஸோடு வந்தார். 'நரம்பில் நீர் இறக்கும் மூலிகைச் சித்தர், இரண்டு நாள் மட்டும்.'

"சும்மா ஒரு எட்டு பாத்துட்டு..." என்று இழுத்தார்.

பாஞ்சாலை அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பீங்கானுக்குப் பிசிறெடுக்க நான் இருக்கேன். ஒம்ம புத்திக்கு நீரேதான் எடுக்கணும். நாற்காலியில உக்காந்தே எடுக்கலாம், இடுப்பு ஒண்ணும் வலிக்காது."